அபியின் பட்டியலில் ஏழாவது

ஆகஸ்ட் 1, சனி

வெயில். காற்று பலம். கடற்பக்க யன்னலைத் திறந்தால் அரை மணி நேரத்தில் மேசை முழுக்க உப்பு.

காலை ஆறரைக்கு அண்ணாவும் மகள் அபியும் ரொறன்ரோவிலிருந்து வந்து சேர்ந்தார்கள். அண்ணிக்கு லீவு கிடைக்கவில்லையாம். அண்ணாவைப் பார்த்துப் பதினான்கு வருடம். முன்தலை முழுக்க நரைத்துவிட்டது. போகும்போது இருபத்தாறு வயது, கறுகறுவென்று சுருள் முடி. "காட்டை வெட்டடா" என்று அப்பா பேசிக்கொண்டே இருப்பார். இப்போது பார்த்தால் திகைத்துப்போவார்.

கொண்டுவந்தவை: சொக்லேட், சவர்க்காரம், அப்பாவுக்கு ஒரு ரேடியோ, எனக்குக் கம்பளிச் சட்டை. கொழும்பில், வெள்ளவத்தையில் கம்பளிச் சட்டை. நன்றி சொல்லி அலுமாரியில் வைத்தேன்.

அபிக்குப் பத்து வயது. விமானத்தில் ஏதோ பயணப் புத்தகத்தைப் பார்த்து ஒரு பட்டியல் எழுதியிருக்கிறாள். தமிழில் எழுதினால்தான் எல்லா இடமும் கூட்டிப்போவேன் என்று அண்ணா சொன்னாராம். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியாயிற்று.

தீவில் செய்ய வேண்டியவை
1. யானை ஆட்டம்
2. கடல் பக்கத்து ரயில்
3. கண்ணாடிப் படகு, கீழே மீன்
4. செவ்விளநீர்
5. ஆமைக்குஞ்சு
6. இறால் வடை
7. அப்பப்பா
8. பட்டம்
9. கடலில் கால்

இறால் வடைக்கும் பட்டத்துக்கும் நடுவில் அவளுடைய அப்பப்பா, எங்கள் அப்பா. 15ஆம் திகதி மாலை இவர்கள் திரும்ப வேண்டும். அதற்குள் அவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர வேண்டும்.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

பொலிஸில் பதிவு. தமிழ் வீட்டில் யார் வந்து தங்கினாலும் பதிய வேண்டும், கனடாக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும் சரி. படிவம், என் அடையாள அட்டைப் பிரதி, வீட்டுக்காரி பரீதா ராத்தாவின் கையெழுத்து. வரிசையில் ஒன்றேகால் மணி நேரம்.

"கவுத மே?" என்று மேசைக்காரர் அண்ணாவைக் காட்டிச் சிங்களத்தில் கேட்டார், இது யார் என்று.

"மகே ஐயா. நிவாடுவட ஆவா." என் அண்ணா, விடுமுறைக்கு வந்தவர்.

"நிவாடு?" அண்ணாவை ஒரு தடவை பார்த்தார், வாசலில் அடுக்கியிருந்த மணல் மூட்டைகளை ஒரு தடவை பார்த்தார். முத்திரை குத்தினார்.

அப்பாவின் பெயரையும் இன்றைக்கே எழுதிவிடலாமா என்று அண்ணா கேட்டார். ஆள் வந்த பிறகுதான் என்றேன்.

அப்பா விஷயம் இப்படி. சண்டையால் யாழ்ப்பாணப் பாதை மூடிக் கிடக்கிறது. காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலைக்குக் கப்பல், அங்கிருந்து பஸ். கப்பலேற இராணுவத்தின் அனுமதி வேண்டும். அனுமதிப் படிவத்தில் "காரணம்" என்று ஒரு கோடு விட்டிருக்கிறார்கள். அதில் எல்லோரும் எழுதுவது கண் சத்திரசிகிச்சை. சாகிற வருத்தமும் இல்லை, சும்மா சுற்றுலாவும் இல்லை, அளவான காரணம். போன மாதம் தொலைபேசிக் கடையில் ஏழு நிமிடம் கிடைத்தபோது நான்தான் சொன்னேன்.

"அப்பா, கண் எண்டு எழுதுங்கோ."

சத்தமில்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"ஆர் உனக்குச் சொன்னது?"

"எல்லாரும் அதைத்தான் எழுதுகினம்."

"ஓ. அப்பிடியே. சரி பிள்ளை."

ஆகஸ்ட் 4, செவ்வாய்

அலுவலகத்தில் அரை நாள் லீவு. தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை. யானை மௌத்ஓர்கன் ஊதியது. அபி கைதட்டவில்லை.

"அது சந்தோசமா இல்லை மாமி."

"அதுக்கும் வேலைதானே அபி."

செவ்விளநீர் இரண்டு வாய் குடித்தாள். இனிப்பும் இல்லை, உப்பும் இல்லை என்று மிச்சத்தை அண்ணாவிடம் கொடுத்தாள். பட்டியலில் 1, 4 சரி போட்டாயிற்று.

வாங்க வேண்டியவை: நுளம்புச் சுருள், பாண், அப்பாவுக்குப் புதுத் தலையணை.

அண்ணா தினமும் தொலைபேசிக் கடைக்குப் போய் "யாழ்ப்பாணத்திலயிருந்து ஏதும் வந்ததோ" என்று கேட்கிறார். கடைக்காரர் இன்று இவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இல்லையென்று தலையாட்டினாராம்.

ஆகஸ்ட் 6, வியாழன்

புழுக்கம். மாலையில் மின்வெட்டு.

செல்வரட்ணம் அண்ணை தொலைபேசிக் கடைக்கு எடுத்தார். ஊரில் அப்பாவின் பக்கத்து வீட்டுக்காரர், அப்பாவுக்கு அங்கே எல்லாமும் அவர்தான். அனுமதி தடைப்பட்டு நிற்கிறதாம். கண் வருத்தம் என்று எழுதியதால் ஆஸ்பத்திரிக் கண் டொக்டரின் கடிதம் கேட்கிறார்கள். கண் டொக்டர் அடுத்த கிளினிக் வைப்பது திங்கட்கிழமை. அதற்கிடையில் இன்று ஒரு கப்பல் போய்விட்டது.

இன்னொன்றும் சொன்னார். அவருடைய மைத்துனர் "மகளின் கலியாணம்" என்று உள்ளதை உள்ளபடி எழுதி மூன்றே நாளில் வந்துவிட்டாராம். நான் கேட்காமலே சொன்னார்.

அண்ணாவுக்குக் கோபம்.

"ஆர் அப்பாவுக்கு உந்தக் கண் கதையைச் சொல்லிக் குடுத்தது? வெளிநாட்டிலயிருந்து மகன் வாறான் எண்டு எழுதியிருந்தா விட்டிருப்பாங்கள்தானே."

நான் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தேன். சீனி கரைந்து கன நேரம். கலக்கிக்கொண்டே இருந்தேன். ஆளையாள் பார்க்காமல் இவர்கள் திரும்பிப்போனால் அது என்னால்தான். கோப்பையை அண்ணாவிடம் நீட்டினேன்.

ஆகஸ்ட் 8, சனி

ஹிக்கடுவைக்கு ரயில். அபி கதவோரம் நின்றே வந்தாள், அண்ணா அவளுடைய சட்டையைப் பின்னால் பிடித்தபடி. களுத்துறை வரை எங்களுக்கும் கடலுக்கும் நடுவில் சில தென்னைகள்தான்.

கண்ணாடிப் படகுகள் எல்லாம் கரையில் கவிழ்த்துக் கிடந்தன. கடல் கொந்தளிப்பு, நவம்பரில் வாருங்கள் என்று படகுக்காரர் சொன்னார். அபி ஒரு படகின் கீழே குனிந்து, கண்ணாடி வழியாக மணலைப் பார்த்தாள். மூன்றாம் இலக்கத்துக்குப் பக்கத்தில் "நவம்பர்" என்று எழுதிக்கொண்டாள்.

ஆமைக்குஞ்சு பார்த்தோம். கையில் வைக்க விட்டார்கள். அண்ணாவின் உள்ளங்கையில் ஒன்று நீந்திக்கொண்டே இருந்தது. வந்ததிலிருந்து அவர் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

திரும்பும் வழியில் சோதனை. பை, அடையாள அட்டை, பிறந்த இடம், ஏன் போனாய், எங்கே தங்கினாய்.

"ஏன் மாமி உங்களை மட்டும் இவ்வளவு நேரம்?"

"நான் வடிவு எண்டு."

நம்பவில்லை. 2, 5 சரி.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

காற்று. நல்ல செய்தி.

நேற்று செல்வரட்ணம் அண்ணை அப்பாவை டொக்டரிடம் கூட்டிப்போனாராம். "லைட் அடிச்சுப் பாத்தவர். ஒண்டும் கதைக்கேல்லை, உடன எழுதித் தந்திட்டார். கொழும்புக் கண் ஆஸ்பத்திரிக்கு." இன்று காலை அனுமதி கைக்கு வந்துவிட்டது. வியாழன் கப்பல், வெள்ளி பின்னேரம் இங்கே. தானும் ஒரு அலுவலாக வருகிறாராம், அப்பாவுக்குத் துணை.

இப்படி முகத்தைப் பார்த்துவிட்டுப் பொய்க்கு முத்திரை குத்தித் தருகிற டொக்டர் நன்றாக இருக்க வேண்டும். பிள்ளையார் கோயிலில் அவருக்கும் சேர்த்து ஒரு தேங்காய் உடைத்தேன்.

மாலை காலிமுகத்திடல். இறால் வடை உறைப்பு, அபி கண்ணீருடன் மூன்று தின்றாள். பட்டம் பத்து நிமிடம் பறந்து கடலில் விழுந்தது. விழுந்தாலும் பறந்தது பறந்ததுதான் என்று சரி போட்டுக்கொண்டாள்.

அண்ணா கல்கட்டில் இருந்து கேட்டார்: "அப்பாவோட என்னத்தைக் கதைக்கிறது? நான் போகேக்க அவர் ரோட்டுக்குக்கூட வரேல்லை."

வரவில்லைதான். அப்போது அவர் தபாலதிபர்; அன்றைக்கும் வழமைபோலத் தபாற்கந்தோரைத் திறக்கப் போய்விட்டார். முத்திரைகளைத் தலைகீழாக ஒட்டிக் கொடுத்தார் என்று பிறகு சனம் சொல்லிச் சிரித்தது. அண்ணாவிடம் இதை இன்றுதான் சொன்னேன்.

"இப்ப ஏன் அப்பா தன்ர கையால கடிதம் எழுதிறேல்லை? எனக்கு வந்த கடைசி மூண்டும் வேற எழுத்து."

"எனக்கும் அப்பிடித்தான். செல்வரட்ணம் அண்ணை எழுதுறார். கை நடுங்குதாம்."

ஆகஸ்ட் 14, வெள்ளி

வந்துவிட்டார். மாலை 5.40.

செல்வரட்ணம் அண்ணை முச்சக்கரவண்டியிலிருந்து இறக்கி, வாசற்படி வரை கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். "படியில கவனம் தங்கச்சி, கையை விட்டிடாதையுங்கோ." தான் கொட்டாஞ்சேனைக்குப் போக வேண்டும் என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் ஓடினார்.

அண்ணா கூடத்துக்குள் நின்றார். அப்பா வாசற்படியிலேயே நின்றார். கடைசியில் அண்ணா "அப்பா" என்றார்.

"ஆர், தம்பியே?"

கிட்டப் போய் அண்ணாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தார். நெற்றி, மூக்கு, கன்னம், நாடி, எல்லாம் தடவினார். எங்களைத் தொட்டுக் கொஞ்சி அறியாத மனுசன். அண்ணா சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். நான் தேநீர் போட உள்ளே போய்விட்டேன். அடுப்பைப் பற்றவைக்க நாலு குச்சி.

பரீதா ராத்தா வட்டிலப்பம் அனுப்பிவிட்டு மதிலுக்கு மேலால் கேட்டார்: "வாப்பா வந்துட்டாரா மகள்? அல்ஹம்துலில்லாஹ்."

அப்பா தேநீர்க் கோப்பையைத் தட்டி ஊற்றிவிட்டார். கப்பல் களை. அபி கனடாப் படங்களைக் காட்டினாள். ஒவ்வொரு தாளுக்கும் "வடிவு, வடிவு" என்றார். கடைசியில் படமில்லாத தாளுக்கும் வடிவு என்றார். அபி விழுந்து விழுந்து சிரித்தாள், அவரும் சேர்ந்து சிரித்தார்.

டொக்டரின் கடிதம் பையில், ஒட்டிய உறையில். பொய்க் கடிதத்தைப் பிரித்து என்ன செய்வது. அலுமாரியில் கம்பளிச் சட்டைக்கு மேல் வைத்தேன்.

ஆகஸ்ட் 15, சனி

7.30 பொலிஸ், அப்பாவின் பதிவு. 9.00 கல்கிசைக் கடற்கரை.

சிவப்புக் கொடி. கணுக்கால் வரைதான். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். அண்ணாவின் முழங்கையைப் பிடித்த பிடி விடவில்லை. ஒவ்வொரு அலைக்கும் "வருது வருது" என்று அபி கத்த, அவர் அவள் சொன்ன பிறகு காலைத் தூக்கினார்.

"அப்பப்பா, அங்க பாருங்கோ."

"ஓம் ஓம். பெரிய கப்பல்."

ஒரு ஆள் துடுப்பு வலிக்கிற சின்ன வள்ளம். கப்பலில் வந்தவருக்கு எல்லாம் கப்பல் என்று அண்ணா பகிடி விட்டார். பிறகு மணலில் இரண்டு பேரும் ஒட்டியபடி இருந்து கதைத்தார்கள். என்ன கதைத்தார்கள் என்று நான் கிட்டப் போய்க் கேட்கவில்லை. ஒருதரம் தலைகீழ் முத்திரை என்று காதில் விழுந்தது.

அண்ணா என்னிடம் தனியாக: "அப்பா நல்லா மாறிட்டார், பாத்தியே. கையை விடுறாரே இல்லை." கொஞ்சம் பொறுத்து, "பிந்தினாலும் வந்து சேந்தார். அது காணும்."

கண் கதை சொல்லிக் கொடுத்தது நான்தான் என்று அப்போது சொன்னேன். என் தலையில் குட்டினார், சின்ன வயதில் குட்டுகிற மாதிரி.

அபி 7க்கும் 9க்கும் சரி போட்டாள். நாலு மணிக்கு விமான நிலையத்துக்கு வான் வந்தது. காலி வீதிக்குத் திரும்பி மறைந்த பிறகும் அப்பா கை காட்டிக்கொண்டு நின்றார். போயாச்சு அப்பா என்றேன். "தெரியும்" என்று கையை இறக்கினார்.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

தூறல். உடுப்புக் காயவில்லை. வீடு பெரிதாகிவிட்டது போல.

காலையில் அப்பா பேப்பரை வாசிக்கச் சொன்னார். மரண அறிவித்தல்கள் வரை வாசித்தேன். புது ரேடியோவை மடியில் வைத்து, பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தார்.

"பிள்ளை."

"என்னப்பா?"

"தம்பிக்குத் தலை நரைச்சிட்டுதோ?"

பேப்பரை மடித்தேன். அறைக்குள் போய் அந்த உறையைப் பிரித்தேன். நாலே வரி. இரண்டு கண்ணிலும் முற்றிய புரை. வெளிச்சம் மட்டும் தெரிகிறது. ஆறு மாதத்துக்கு மேலாகிறது. இங்கே செய்ய வசதியில்லை, தயவுசெய்து சத்திரசிகிச்சைக்கு ஆவன செய்யவும்.

வெளியே வந்து அப்பாவின் காலடியில் இருந்தேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ கண் எண்டு எழுதச் சொல்லேக்க, உனக்குத் தெரிஞ்சு போச்செண்டுதான் நினைச்சன். பிறகு பாத்தா உனக்குத் தெரியாது. சரி, அவன் சந்தோசமாப் போகட்டும் எண்டு விட்டிட்டன்."

பட்டியல் இன்னும் குளிர்சாதனப் பெட்டியில். ஏழுக்கு எதிரே பச்சை மையில் பெரிய சரி.

நாளை 7.00 கண் ஆஸ்பத்திரி: கடிதம், அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, தண்ணீர்ப் போத்தல், ரேடியோ.

"கேட்டதுக்குப் பதில் சொல்லேல்லை நீ."

"நரைச்சிட்டுது அப்பா. முன்பக்கம் முழுக்க."

"எனக்கும் நாப்பதிலதான்" என்றார்.