என் மணிக்கட்டும் உங்கள் விலாவும்

என்னங்க,

பக்கத்து வீட்டில் இன்று கருவாட்டுக் குழம்பு. தேங்காய்ப்பால் கொதிக்கும் வாசம் வந்ததும் என் இடது மணிக்கட்டு வலிக்கத் தொடங்கிவிட்டது. நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. கைக்கு அது இன்னும் தெரியாது போலிருக்கிறது.

அந்தக் குழம்பில்தானே எல்லாம் ஆரம்பித்தது. கிளினிக்கில் ஊசி போடும் மிஸ்ஸி உங்கள் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணே, ஹார்ட்டு தாங்காது. உப்பு, தேங்காப்பாலெல்லாம் கொறைங்க. நாளெல்லாம் லோரியில ஒக்காந்திருந்தா எப்படி லா, கொஞ்சம் நடங்க" என்றாள். மறுநாள் அந்தக் குழம்பை அவள் சொன்னபடியே சமைத்தேன். ஒரு வாய் வைத்தீர்கள்.

"ஆஸ்பத்திரி சோறாடி போடுற?"

தட்டு சுவரில் போய் விழுந்தது. அடுத்து என் கையை முறுக்கி சிங்க் விளிம்பில் அடித்தீர்கள். காய்ந்த குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். உங்கள் அக்கா வந்து, "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்றார். அணைத்த நாளை எண்ண எனக்கு இன்னொரு கை தேவைப்பட்டதில்லை.

டாக்டரிடம் குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்றேன். சும்மா விழுந்ததற்கு இப்படி முறியாதே என்று அவர் எலும்புப் பரிசோதனை எழுதினார். நிஜமாகவே மெலிந்திருந்தது. பால் குடி, நெத்திலியை முள்ளோடு தின்னு, நட, கை தேறியதும் எடை தூக்கு என்றார். உங்களைக் காப்பாற்ற நான் சொன்ன பொய் என்னை நடக்க வைத்தது.

உங்களுக்கு மட்டும் பழையபடி உப்பும் தேங்காய்ப்பாலும். முதலில் பயந்துதான் போட்டேன். போகப் போகப் பயமில்லாமலும் போட்டேன்.

ஜெலாப்பாங் பூங்காவில் பெண்களோடு தினமும் நடந்தேன், தண்ணீர் போத்தலைத் தூக்கினேன். ஒரு நாள் அங்கே பொம்மையைப் படுக்கவைத்து, நின்றுபோன இதயத்தை எப்படி அழுத்துவது என்று காட்டினார்கள். "விலா ஒடஞ்சாலும் நிறுத்தக் கூடாது" என்றாள் சொல்லிக்கொடுத்தவள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணி ஆறிவிட்டதென்று கையை ஓங்கினீர்கள். நான் பிடித்துக்கொண்டேன். உங்களால் அசைக்க முடியவில்லை. உங்கள் கண்ணில் பயம் வந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உங்கள் நெற்றி வியர்வையைப் பிறகுதான் கவனித்தேன். நெஞ்சைப் பிடித்தபடி சரிந்தீர்கள்.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, மண்டியிட்டு அழுத்தினேன். முதல் விலா முறிந்தது. நிறுத்தவில்லை. இன்னொன்றும் முறிந்தது. வந்தவர்கள், "அக்கா, விடுங்க, போயிட்டாரு லா" என்றார்கள். இரண்டு பேர் சேர்ந்துதான் என்னை இழுக்க முடிந்தது.

"கடைசி வரைக்கும் போராடினா" என்று சாவு வீட்டில் உங்கள் அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். மறுக்காமல் கேட்டுக்கொண்டேன். முதலில் அழுத்தியது நீங்கள் பிழைக்கத்தான், சத்தியமாக. எத்தனையாவது அழுத்தலிலிருந்து உங்களை அடிக்கத் தொடங்கினேன் என்றுதான் தெரியவில்லை.