ஓட்ட ஆள் இல்லாத படகு

என் அன்பு வாயாடிக்கு,

நான் நலம். உன் பல்வலியும் மாமாவின் இருமலும் எப்படி இருக்கின்றன? 'பரவாயில்லை' என்று எழுதாதே, உண்மையை எழுது.

திட்டாமல் படி. பழைய மோட்டார் படகு ஒன்று வாங்கிவிட்டேன். பின்னால் கயிறு கட்டி, பலகைமேல் ஒருவர் நின்று சறுக்கிக்கொண்டு வருவாரே, அந்த வகை. கராஜ் கதவை மில்லிமீட்டர் சுத்தமாக அளந்தவன், படகை ஏற்றி வரும் டிரெய்லரின் உயரத்தைக் கூட்ட மறந்துவிட்டேன். படகின் மேலே கயிறு கட்டும் கம்பி வளைவு கதவில் இடித்து நின்றது. இங்கே பக்கத்து வீட்டில் இருக்கும் நம்மூர் லாரி டிரைவர் சிரித்துவிட்டு, "டயர்ல காத்த இறக்குங்க, இன்ஜினியர் சார்!" என்றார். இறக்கினேன், உள்ளே போய்விட்டது.

இன்னும் ஏரிக்குக் கொண்டுபோகவில்லை. ஒருவர் ஓட்டினால்தானே இன்னொருவர் பலகையில் நிற்க முடியும்? அதை வாங்கிய பிறகுதான் யோசித்தேன். வேலை முடிந்து வந்ததும் கராஜில், படகுக்குள் உட்கார்ந்து டீ குடிக்கிறேன். பக்கத்து சீட்டையும் துடைத்து வைத்திருக்கிறேன்.

"நான் அங்க வந்து என்னங்க பண்ணப்போறேன்?" என்று போனில் கேட்டாய். இதோ பதில். நீ ஸ்கூட்டர் ஓட்டும் வேகத்துக்கு இதுதான் சரியான வண்டி. விசாவுக்கு போட்டோ எடுத்து இந்த வாரமே அனுப்பு. இரண்டு காதும் தெரிய வேண்டுமாம். நீ ஓட்டு, தண்ணீரில் விழுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது.

உன் அவசரக்குடுக்கை