இப்பத்தானுங்க குடிச்சோம்

ஜூலை 29, செவ்வாய்

காற்று. பஸ் ஸ்டாப்பில் துப்பட்டாவைப் பிடிப்பதா, பையைப் பிடிப்பதா. சத்தி பஸ்ஸில் நின்றுகொண்டே பயணம். அன்னூர் தாண்டித்தான் சீட்.

தடுப்பணையில் சர்வே, மூன்றாம் நாள். ஆற்றைப் பார்க்க வருகிறவர்கள் எங்கிருந்து வருகிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள், எதற்கெல்லாம் காசு செலவு செய்கிறார்கள். இதை வைத்துத்தான் அங்கே என்ன கட்டுவது என்று முடிவாகும். ஆக. 8 ஈரோட்டில் அதிகாரிகள் கூட்டம். எங்கள் ஆய்வு மைய இயக்குநர் பேசுவார், நான் ஸ்லைடு தள்ளுவேன்.

கேள்வி கேட்க இரண்டு காலேஜ் பையன்கள், கார்த்தி, நவீன். மேய்ப்பது என் வேலை. நேற்றைய பதில்களை டேப்லெட்டில் பார்த்தேன். 14ஆம் கேள்வி: அடிப்படை வசதிகளுக்கு ஐந்துக்கு எத்தனை மார்க்? எல்லாரும் ஐந்து! குடிதண்ணீர் கிடையாது. நிழல் கிடையாது. 'பெண்கள் கழிப்பறை' என்று எழுதிய கட்டடம் ஒன்று உண்டு, பூட்டு தொங்குகிறது, உள்ளே பரிசல் துடுப்பு. இதற்கு ஐந்தா? மரத்தடியில் உட்கார்ந்து இவன்களே தட்டிவிட்டான்கள் என்று கார்த்தியைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன்.

"சத்தியமா இல்லீங்க மேடம். நீங்களே பக்கத்துல நின்னு கேளுங்க."

நின்றேன். புளியம்பட்டிக் குடும்பம். அந்த அக்கா கேள்வியைக் காதில் வாங்கவே இல்லை, கார்த்தியின் முகத்தைத்தான் பார்த்தார்.

"இந்த வெயில்ல நின்னுட்டிருக்கறீங்க. அஞ்சே போட்டுக்கங்க தம்பி."

"நாலு, மூணு கூடப் போடலாங்கக்கா."

"அட, கொறச்சுப் போட்டா உங்களைத்தான சத்தம் போடுவாங்க. அஞ்சு போடுங் கண்ணு."

எங்கள் ஊர்க்காரர்களிடம் மார்க் கேட்டது யார் குற்றம்? கார்த்தியிடம் ஸாரி சொல்லவில்லை. நாளை.

டீக்கடை மாரிமுத்து அண்ணன் பிடித்துக்கொண்டார். அணைக்கட்டுக்கு ஒரே டீக்கடை அவருடையது. "ஏனுங் மேடம், எம்பட டீயில என்ன குத்தம்னு உங்க கம்ப்யூட்டர்ல ஒருக்கா கேளுங். ஆம்பளைங்க குடிக்கறாங். பொம்பளைங்க கிட்டயே வர்றதில்லீங். தூளு மாத்திப் பாத்துட்டேன். இஞ்சி தட்டிப் போட்டேன். ஏலக்காயும் போட்டாச்சு."

எனக்கு ஒரு கிளாஸ் நீட்டினார். இப்பத்தான் குடிச்சேனுங்க என்றேன். முகம் விழுந்துவிட்டது.

மறக்காமல்: பால், பாப்பாவுக்குக் கிராஃப் நோட்டு, செருப்பு தைக்க.


ஜூலை 31, வியாழன்

மறுபடி அடிவயிற்றில் எரிச்சல். டாக்டரம்மா: "தண்ணி குடிங்க, தண்ணி குடிங்க, எத்தனை தடவை சொல்றது?" சரிங்க என்றேன். வீட்டில் கிளம்பும்போது குடித்தால் திரும்பி வரும்வரை ஒரு வாய் கிடையாது என்பதை ஏன் சொல்லவில்லை? அவரும் கேட்கவில்லை.

பாப்பாவின் தண்ணீர் பாட்டில் இன்றும் நிறைந்தபடியே ஸ்கூலிலிருந்து வந்தது. ஒன்பதாவது படிக்கிறாள், இதைக்கூடச் சொல்ல வேண்டியிருக்கிறது. கத்தினேன். முறைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். ரசம் மட்டும் வைத்தேன்.

மதியம் ஆபீஸ். இயக்குநர் அறிக்கையை எழுதியே விட்டார். சர்வே முடியவில்லை, முடிவு வந்துவிட்டது! பெண்கள் ஒரு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுகிறார்களாம். டீ, ஜூஸ் எதற்கும் காசு எடுப்பதில்லையாம். காரணம், அவர் வாக்கியத்தை அப்படியே எழுதுகிறேன்: 'இப்பகுதிப் பெண்களிடம் செலவிடும் மனநிலை இன்னும் உருவாகவில்லை.' மனநிலையாம். ஆகவே கட்ட வேண்டியவை:

– செல்ஃபி எடுக்க இதய வடிவ வளைவு
– ஆற்றுக்கு மேல் கண்ணாடி நடைமேடை
– குழந்தைகள் ரயில்
– பெண்களைக் கவர வளையல் கடைகள்

வளையல்! பேப்பரை அவர் மேஜையிலேயே வீசிவிட்டு வந்திருக்க வேண்டும். "பாத்துச் சொல்றேனுங்க சார்" என்றேன். அந்தப் புளியம்பட்டி அக்காவைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை.


ஆக. 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. ஆற்றில் நல்ல தண்ணீர். காற்று மண்ணை வாரி இறைக்கிறது. விடிந்ததிலிருந்து கூட்டம், முளைப்பாரி, தேங்காய், தூக்குப்போசியில் கட்டுச்சோறு.

பையன்களை ஆண்கள் பக்கம் அனுப்பிவிட்டு டேப்லெட்டைப் பையில் போட்டேன். அன்னூர்ப் பக்கத்துப் பெண்கள் ஐந்தாறு பேர் புங்க மரத்தடியில். போய் உட்கார்ந்ததுமே இலைத்துண்டில் புளிச்சோறு. "சாப்பிடுங் அம்மணி, சும்மா." நல்ல காரம். யாரும் தண்ணீர் பாட்டிலைத் தொடவில்லை. அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

"எல்லாருக்கும் டீ சொல்லட்டுங்களா?"

"வேண்டாங்க. இப்பத்தானுங்க குடிச்சோம்." எல்லாரும் ஒரே குரலில்.

"எங்கீங்க குடிச்சீங்க?"

மரியாதை கெட்ட கேள்வி. நம் பக்கம் யாரும் கேட்க மாட்டார்கள். மாரிமுத்து அண்ணன் கடையில் ஒரு சேலை நிற்கவில்லை, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"நானும் அப்படித்தானுங்க சொல்லுவேன்" என்றேன். "காத்தால ஊட்டுல குடிச்சது. குடிச்சா எங்க போறது?"

அவ்வளவுதான். நிறுத்தவே முடியவில்லை. மறக்குமுன் எழுதிவைக்கிறேன்:

– மஞ்சள் சேலை: நேற்று ராத்திரியிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிட்டார். "பழகிப்போச்சுங்க."

– அவர் நாத்தனார்: போன வருஷம் சோளக்காட்டுப் பக்கம் ஒதுங்கப் போனவர். இரண்டு பயல்கள், கையில் போன். "வந்த வழியே ஓடியாந்துபோட்டேன். ஊட்டுக்காரருகிட்டக்கூடச் சொல்லலீங்க. சொன்னா அடுத்த தடவ கூட்டிட்டு வரமாட்டாரு."

– பிரஷர்காரர் ஒருவர்: வெளியூர் கிளம்பும் நாளில் மாத்திரையே போடுவதில்லை. போட்டால் அடிக்கடி வரும்.

– புதுப்பெண்: நாள் தள்ளிப்போக மாத்திரை போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். சாமி கும்பிடவா என்றேன். "சாமிக்கில்லீங்கக்கா. மாத்த இடமில்லீங்களே."

பிரஷர் மாத்திரையை விட்டுவிட்டு ஆடிப் பெருக்கு கும்பிட வருகிறார்கள். இவர்களுக்குச் செலவிடும் மனநிலை உருவாகவில்லையாம்.

"காத்தால எங்க பையன் வந்து வசதியெல்லாம் எப்படீன்னு கேட்டப்ப இதை ஏனுங்க சொல்லலை?"

மஞ்சள் சேலைக்குச் சிரிப்பு. "ஆம்பளப் பையன்கிட்டச் சொல்ற சேதியா இது? எப்படி இருக்குதுன்னு கேட்டா நல்லாருக்குதுன்னு சொல்றதுதானுங்க மொறை."

ஒரு மணி. கிளம்புகிறார்கள். ஒரு புருஷன் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, "அதுக்குள்ள என்ன அவசரம் உனக்கு? பசங்க இன்னும் குளிச்சே முடிக்கலை." அந்தப் பெண், "தல வலிக்குதுங்க." கரை முழுக்கத் தலைவலி. குழந்தைகள் அழுதுகொண்டே தண்ணீரிலிருந்து ஏறின.

14ஆம் கேள்வியை எழுதியது யார்? நான்தான். ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, 'வசதிகள்' என்று நாசூக்காக ஒரு வார்த்தை. கழிப்பறை என்று எழுதக் கை கூசியதா? இயக்குநரை மட்டும் திட்டி என்ன ஆகப்போகிறது.


ஆக. 4, திங்கள்

காலையிலேயே இயக்குநரிடம் சொல்லிவிட்டேன். முழுவதும். பொறுமையாகக் கேட்டார், அதுதான் இன்னும் எரிச்சல்.

"சுமதி, நீங்க சொல்றது எமோஷன். மேல கொடுக்கறது டேட்டா. பதினாலாவது கேள்விக்கு எல்லாரும் திருப்தின்னு சொல்லியிருக்காங்க."

"பொய் சொல்லியிருக்காங்க சார்."

"அப்ப நம்ம சர்வேயே பொய்யின்னு எழுதிரலாமா?"

சாயங்காலம் பஸ்ஸில்தான் பதில் தோன்றியது. ஆமாம், எழுதலாம். எப்போதும் பஸ்ஸில்தான் தோன்றும் எனக்கு.

இதய வளைவுக்கு நல்ல படமாகத் தேடி ஸ்லைடில் போடச் சொன்னார். தேடினேன். போட்டேன். சம்பளம் வேண்டுமே.


ஆக. 5, செவ்வாய்

தூறல். துணி காயவில்லை.

பாட்டில் நிறைந்தபடியே. இன்று கத்தவில்லை. "ஏன் கண்ணு குடிக்கறதில்லை?" என்று மட்டும் கேட்டேன்.

"பாத்ரூம் பூட்டியிருக்கும்மா. சாவி பி.டி. சார்கிட்ட. சார்கிட்டப் போய் எப்படிக் கேக்கறது?"

"ஏன் இத்தனை நாள் சொல்லலை?"

"நீ கேக்கவே இல்லியே. குடிக்கலையான்னு திட்டத்தானே செஞ்ச."

அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களை டமால் டமாலென்று கழுவினேன். ஒரு டம்ளர் நசுங்கிவிட்டது. நாளை காலை ஹெட்மாஸ்டரைப் பார்க்கிறேன். பார்த்துவிட்டுத்தான் ஆபீஸ்.


ஆக. 6, புதன்

பார்த்தேன். "விசாரிக்கிறேம்மா." விசாரிக்க என்ன இருக்கிறது, பூட்டைத் திறங்கள் என்றேன். பத்து நிமிஷம் அங்கேயே நின்றேன். திறந்தார்கள். தண்ணீர் வரவில்லை. அது வரும்வரையும் நின்றேன். ஆபீஸுக்கு லேட், அரை நாள் லீவ் போட்டுவிட்டார்கள். போடட்டும்.


ஆக. 8, வெள்ளி

ஈரோடு. வரிசையாக எழுத வேண்டும்.

ஹாலில் பத்துப் பதினைந்து ஆண்கள். நான். பிறகு சென்னையிலிருந்து வந்த மேடம், முடிவு செய்கிறவர் அவர்தான். காலையிலிருந்து இரண்டு இடம் சுற்றிப் பார்த்துவிட்டு நேராக வந்திருந்தார். வாடிய முகம். டீ வந்தது.

"வேணாம்பா. இப்பதான் குடிச்சேன்."

எனக்குச் சுரீரென்றது. டீ கொண்டுவந்தவர் கேட்காமல் கப்பை வைத்துவிட்டுப் போனார்.

இயக்குநர் பேசினார், நான் ஸ்லைடு தள்ளினேன். 14ஆம் கேள்வி. "ஒருத்தர் விடாம எல்லாரும் திருப்தி மேடம்." இதய வளைவு. ரயில்.

"பெண்கள் ஏன் ஒரு மணிக்கே கிளம்பிடறாங்க?" மேடம் கேட்டார்.

"மனநிலை மேடம். நம்ம பக்கத்துப் பெண்கள் இன்னும்…"

மேடத்தின் கப்பில் பாலாடை படிந்திருந்தது. நான் எழுந்துவிட்டேன்.

"மேடம், நீங்க டீ எங்கீங்க குடிச்சீங்க?"

இயக்குநர் என் பக்கம் திரும்பியதைப் பார்க்கவில்லை, ஆனால் தெரிந்தது.

"என்ன?"

"இப்பதான் குடிச்சேன்னு சொன்னீங்களே. எங்கீங்க குடிச்சீங்க?" கோபத்தில்தான் கேட்டேன், பயத்தில் இல்லை. கொஞ்சம் பயமும்.

அவர் கப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"காலையில. ரூம்லேர்ந்து கிளம்பறப்போ." மெதுவாகத்தான் சொன்னார். "நீங்க பேசுங்க."

பேசினேன். சோளக்காடு, போன், பிரஷர் மாத்திரை, புதுப்பெண், பரிசல் துடுப்பு, மாரிமுத்து அண்ணனின் ஏலக்காய். மரியாதையாகப் பேசினேனா என்று நினைவில்லை. ஒரு வெள்ளைச் சட்டைக்காரர், "இதுவரைக்கும் பெண்கள் யாரும் புகார் தரலீங்களே" என்றார்.

மேடம், "நானும்தான் தரலை" என்றார்.

அறிக்கையில் இதய வளைவை அடித்துவிட்டார். முதல் வேலை பெண்கள் கழிப்பறை: தண்ணீர், விளக்கு, துடைக்க ஆள், நாள் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். அதை முடிக்காமல் மற்ற எதையும் தொடக்கூடாது என்று எழுதச் சொன்னார்.

பெருந்துறை தாண்டியதும் காரில் இயக்குநர், "இனிமே ஃபீல்டுக்கு வேற ஆள் போட்டுக்கறேன். நீங்க ஆபீஸ்லயே இருங்க."

"சரிங்க சார்" என்றேன். அப்புறம், "கேள்வித்தாளையும் நானே எழுதிர்றேனுங்க" என்றேன். சந்தோஷம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. இத்தனை பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தலைவலி என்று சொல்லிக்கொண்டு வீடு போயிருக்கிறோம்.


ஆக. 9, சனி

காற்று குறைந்திருக்கிறது. டேப்லெட்டுகளைத் திரும்ப வாங்கக் கடைசியாகத் தடுப்பணை. கார்த்தியிடம் ஸாரி சொல்லிவிட்டேன். "எப்பவோ மறந்துபோட்டேனுங்க மேடம்" என்றான். மறந்திருக்க மாட்டான்.

கட்டடத்தில் அதே பூட்டு. ஜன்னல் வழியாகத் துடுப்புகள்.

மாரிமுத்து அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கரண்டியைக் கையில் பிடித்தபடியே கேட்டார். 

"அப்ப எம்பட தூளு மேல குத்தமில்லீங்களா?"

"இல்லீங்கண்ணா."

"அட கெரகமே. எம்பட சம்சாரமும் மத்தியானமானா மயக்கம் வருதுன்னு ஊட்டுக்குப் போயிருவா. சோம்பேறின்னு வெய்வேன் அவள." அந்தப் பூட்டைப் பார்த்தார். "கட்டிருவாங்களா மேடம்?"

"எழுதியிருக்காங்க."

நல்ல சேதி சொன்னதற்காக ஒரு ஸ்பெஷல் டீ ஆற்றி, நுரையோடு நீட்டினார்.

"வேண்டாங்கண்ணா, இப்பத்தான் குடிச்சேன்."

வாயிலிருந்து வந்தபிறகுதான் எனக்கே கேட்டது. அவர் என்னைப் பார்த்தார். மறுபடி பூட்டைப் பார்த்தார். அந்த டீயை அவரே குடித்தார்.