கை வைத்த எஞ்சின்

இன்று காலை உன் வீட்டுக்காரி ஒரு சிமெண்ட் சாக்கைக் கொண்டுவந்து என் லேத் பட்டறை மேசைமேல் வைத்தாள். பிரித்ததும் புளியமரத் தூளும் கருகிய ஆயிலும் கலந்த வாசனை குப்பென்று அடித்தது. உன் சட்டையில் எப்போதும் இருக்குமே, அதே வாசனை. நீ போன பிறகு நாலு மாதம் பத்து நாள் வெளியே வராமல் இத்தா இருந்து முடித்தவள், அறந்தாங்கிக் கடைத்தெருவுக்கு முதன்முதலாக வந்தது உன் மரம் அறுக்கிற மிஷினைத் தூக்கிக்கொண்டுதான்.

"அண்ணே, இத கம்பெனிக்காரன் குடுத்த மாதிரியே மாத்திக் குடுங்க. இல்லாட்டி யாரும் வாங்க மாட்டேங்குறாங்க" என்றாள்.

ஏன் வாங்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும் மாப்ளே. மரம் அறுத்துவிட்டு நிழலில் உட்கார்ந்து டீ கேட்டவன், டீ வருவதற்குள் சாய்ந்துவிட்டாய். இருதய அடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஊருக்கு அது போதவில்லை. எஞ்சினில் கை வைத்தார்களாம், அது பேயாட்டம் ஆடியதாம், அந்த உலுக்கலில் நெஞ்சு நின்றுவிட்டதாம். உன் மவுத்துக்குத் துக்கம் கேட்க வந்த இடத்திலேயே என் காதுபடப் பேசினார்கள். கை வைத்தது நாம் இரண்டு பேர். மிச்சம் இருப்பது நான்தான்.

ஆமாம், கை வைத்தோம். அதை எவனிடமும் நாம் மறைக்கவில்லையே.

கஜா புயலில் விழுந்த மரங்களை அறுத்து மாளாத நாட்கள் அவை. சார்ஜா ஒர்க்‌ஷாப் வேலையை விட்டு வந்த கையோடு நீ இந்த மிஷினை வாங்கினாய். தென்னைக்கு ஈடு கொடுத்தது. புளியமரத்தில் பாதி இறங்கியதும் திணறி நின்றது. சர்வீஸ்காரர் நீ அழுத்திப் பிடிப்பதுதான் தப்பு என்று உன்மேலேயே பழியைத் திருப்பினார். கொதித்துப் போய் என் பட்டறைக்கு வந்தாய்.

"பனி பெய்யிற ஊரு மரத்துக்கு அளவு வச்சிருக்கான் மச்சான். நம்மூருப் புளிய மரத்த அவன் கண்ணால பாத்திருக்கானா?"

பிஸ்டன் கீழே இறங்கும்போது புகை போகிற ஓட்டை திறக்கும். அந்த ஓட்டையின் மேல் விளிம்பை உயர்த்தினால் இன்னும் சீக்கிரம் திறக்கும், எஞ்சின் வேகம் பிடிக்கும் என்றாய். இரண்டு பாகைமானிகளை ஒட்டி முழு வட்டமாக்கி எஞ்சின் தண்டில் மாட்டினோம். ஓட்டை திறந்த இடம் நூற்றிரண்டு பாகை. அதை நீ பட்டறைச் சுவரில் கரியால் எழுதினாய். இரண்டு நாள் சின்ன அரத்தால் ராவி அரை மில்லி உயர்த்தினோம். பிஸ்டன் ரிங் அதில் சிக்கி உடையாமல் இருக்க விளிம்பை நீ வழவழப்பாக்கினாய்.

அப்புறம் நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். அழுத்தம் கூடட்டும் என்று சிலிண்டருக்கு அடியில் இருந்த பேக்கிங்கைக் கழற்றி எறிந்துவிட்டு முடுக்கினேன். அதன் கனமும் அரை மில்லிதான். சிலிண்டர் அந்த அளவு கீழே உட்கார்ந்தது, ஓட்டையும் கூடவே இறங்கிவிட்டது. மறுபடி அளந்தால் அதே நூற்றிரண்டு. ரெண்டு நாள் ராவி, கிளம்பின இடத்துக்கே வந்து சேர்ந்திருந்தோம். நீ தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

இருந்தாலும் நார்த்தாமலைப் பக்கம் ஒரு புளியமரத்தில் வைத்துப் பார்த்தோம். வேகம் கூடவில்லை, ஆனால் நிற்காமல் இழுத்தது. அழுத்தம்தான் வேலை செய்தது. "நமக்கு ஓட்டம் வேணாம் மச்சான், இழுவதான் வேணும்" என்று அப்படியே விட்டோம்.

ஆனாலும் இன்று எனக்குப் பயமாக இருந்தது. நீ அடங்குகிற ஆளா? எனக்குத் தெரியாமல் மறுபடி பிரித்து ராவியிருந்தால், ஊர் சொன்னது மெய்யாகிவிடுமே? நாலு மாதமாக உன் வீட்டுப் பக்கமே நான் தலைவைக்காததற்குக் காரணம் இதுதான். இப்போது சொல்கிறேன், மன்னித்துக்கொள்.

என் முகத்தைப் பார்த்திருப்பாள் போல. "ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லுங்க. இதனாலதான் போனாரா?" என்றாள்.

"தெரியலம்மா. அளந்து பாத்துருவோம்" என்றேன்.

புகைக்குழாயைக் கழற்றி, பாகைமானியை மாட்டி, மெதுவாகத் திருப்பினேன். ஓட்டையின் விளிம்பில் வெளிச்சம் ஒரு கீற்றாகத் தெரிந்ததும் நிறுத்திவிட்டு, அவளையே படிக்கச் சொன்னேன். குனிந்து படித்தாள். பிறகு சுவரில் இருந்த உன் கையெழுத்தைப் படித்தாள். திரும்ப வந்து இன்னொரு முறை குனிந்தாள்.

"ரெண்டும் ஒண்ணுதாண்ணே."

ரிங்கைப் பார்த்தேன், ஒரு கீறல் இல்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவமே இல்லை மாப்ளே, பழி மட்டும்தான். ஒருவேளை எண் மாறியிருந்தாலும் உன்னை நான் விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன். அவன் ஊர் மரத்துக்கு அவன் அளவு வைத்தான். நம் ஊர் மரத்துக்கு நாம் வைத்துப் பார்த்தோம். இதில் என்ன குற்றம்?

"விக்கிறது கெடக்கட்டும். இங்கனயே ஓட்டுங்கண்ணே" என்றாள்.

எதிர் மரவாடியிலிருந்து ஒரு புளியங்கட்டையை உருட்டி வந்து வாசலில் போட்டேன். மூன்றாவது இழுப்பில் கிளம்பியது. டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸைக் கையில் பிடித்தபடியே எழுந்தார்கள். உன் மவுத்தில் வாய் நீட்டியவர்களில் இரண்டு பேரும் அங்கே இருந்தார்கள். உன் வீட்டுக்காரி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, தூள் பறக்கிற இடத்தில் நகராமல் நின்றாள். ஒரு துண்டு விழுந்தது. அணைக்கப் போனேன்.

"அணைக்காதீங்க. இன்னொண்ணு போடுங்கண்ணே, அவங்க நல்லாக் கேக்கட்டும்."

மூன்று துண்டு போட்டேன். உன்னிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது இந்தத் திமிர். நாலு மாதமாக அதைத் தொலைத்துவிட்டுத் தலைகுனிந்து நடந்திருக்கிறேன். இன்று உன் வீட்டுக்காரி எடுத்துக் கொடுத்தாள்.