வைத்தியமா, அலங்காரமா?

1998, ஐப்பசி, வியாழன் இரவு

அக்காவால் இன்றும் தண்ணீர் குடிக்க முடியவில்லை. நாங்குநேரியிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்று போன வாரம் அழகு நிலையத்தில் பல்லை வெளுக்க வைத்துக்கொண்டாள். அங்கே தடவிய திராவகத்தில் ஈறு வெந்துவிட்டது. பல்லின் மேல்பூச்சு கரைந்துவிட்டது, இனி வளராது என்கிறார் பல் டாக்டர்.

மாலையில் தச்சநல்லூர் வக்கீல் மாமாவைப் போய்ப் பார்த்தேன். பல் வைத்தியம் படிக்காத அழகு நிலையக்காரி பல்லில் கை வைத்தது குற்றம்தானே என்று கேட்டேன்.

"பல் வைத்தியம்னு போர்டு வச்சிருந்தா பிடிச்சிரலாம்மா. அவ 'பல் அழகு'ன்னுல்லா எழுதியிருக்கா. மேக்கப்தான் போட்டேன்னு சொல்லுவா. உங்க அக்கா கோர்ட்டுல வாயைத் திறந்தா, 'நல்லா வெள்ளையாத்தானம்மா இருக்கு'ம்பாரு ஜட்ஜு." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

போர்டில் ஒரு சொல்லை மாற்றி எழுதினால் திராவகம் சுடாதா?

வீட்டுக்கு வந்து, போலீசிலாவது சொல்வோம் என்றேன். அம்மா ஓடிப்போய் வாசல் கதவைச் சாத்தினாள்.

"பையப் பேசுட்டி. பல்லுல கோளாறுன்னு தெரிஞ்சா நாங்குநேரிக்காரங்க வருவாங்களா? பாக்க முத்து மாதிரி இருக்குல்லா, அது போதும்."

அக்கா கேட்டாள். "அவங்க முன்னால காப்பி குடிக்கச் சொன்னா என்னம்மா செய்ய?"

"கல்யாணம் முடியுத வரைக்கும் பல்லைக் கடிச்சிட்டு இருட்டி."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அம்மாவுக்கே உறைத்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அக்கா சரி என்று தலையாட்டினாள்.