குட்டைப் பல் குதிரை

மார்ச் 4, செவ்வாய்

வார்னிஷ்! புதைபடிவக் குதிரையின் பத்துப் பல்லுக்கும் பளபளவென்று வார்னிஷ் அடித்து வைத்திருக்கிறார் அருங்காட்சியகக் காப்பாளர். கேட்டால், "நாலு பேர் வந்து பாக்குற இடம்மா, அழகா இருக்கணும்ல?" என்கிறார். தலையில் அடித்துக்கொண்டேன். பல்லின் மேல்பூச்சான எனாமலைத் துளி சுரண்டி அதிலுள்ள கார்பன் வகைகளின் விகிதத்தை அளந்தால், அந்தப் பழங்காலக் குதிரை புல் மேய்ந்ததா, மர இலை தின்றதா என்று தெரிந்துவிடும். எனக்குப் புல் என்றுதான் வந்தது. பேராசிரியர் உதட்டைப் பிதுக்கினார் – இலை என்று இருபது வருஷமாக எழுதி வருபவர். இப்போது வார்னிஷ் வேறு; அதிலிருக்கும் கார்பனும் கலந்திருக்கும், என் அளவை இனி யார் நம்புவார்கள்? மூன்று மாத உழைப்பு குப்பைக்கு.

மார்ச் 5

பத்துப் பல்லின் கணக்கையும் குறுக்கே கோடு போட்டு அடித்தேன்.

மார்ச் 12

காப்பாளரே கூப்பிட்டார். கிடங்கில், பாறையை விட்டு இன்னும் பிரிக்காத, அதே குதிரை இனத்தின் தாடை ஒன்று இருக்கிறதாம். நாலு பல். தூரிகையே படாதவை. இதை முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன? கல்லைக் கொத்திக் கொத்திக் கழுத்து விட்டுப்போச்சு.

மார்ச் 24

மூன்று பல் முடித்தேன். மூன்றும் புல். பேராசிரியர் தாளை முழுசாகப் பார்க்கக்கூட இல்லை. "இவ்ளோ குட்டைப் பல்லை வச்சுக்கிட்டு புல்லைத் தின்னா சீக்கிரமே தேஞ்சு போயிடும்மா. மெஷினைப் பாரு." பார்த்தாச்சு, மூன்று தடவை! கட்டுரையிலிருந்து இந்த மூன்றையும் எடு, இல்லையென்றால் என் பெயரை எடு என்கிறார். அவர் பெயர் இல்லாமல் என் கட்டுரையை எவன் படிப்பான்?

தேயட்டுமே. தேயத் தேயத் தின்றிருக்கும். மேய்ச்சல் முதலில் மாறி, பல் தலைமுறை தலைமுறையாக மெல்ல நீண்டிருக்கக் கூடாதா? இதை அங்கேயே சொல்ல வேண்டியதுதானே நான்? தாளைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 25

வீட்டில் இவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்கிறார்: "அது செத்து எத்தனை லட்சம் வருஷமாச்சு. என்னத்தைத் தின்னா உனக்கென்ன?" பாதியில் எழுந்துவிட்டேன். பாத்திரம் முழுக்க அவரே கழுவினார், பாவம்.

மார்ச் 27

பேராசிரியரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். "எடுக்க மாட்டேன் சார். நாலாவது பல்லு தொடாம இருக்கு. நீங்களே சுரண்டுங்க, நீங்களே அளந்து பாருங்க."

கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். வெளியே போ என்பார் என்றே நினைத்தேன்.

"டிரில் எங்க இருக்கு?" என்றார்.

ஏப்ரல் 3

புல்.

பேராசிரியர் தன் பழைய கட்டுரையை அலமாரியிலிருந்து எடுத்துப் பிரித்தார். ஜெயித்த மாதிரியே இல்லை எனக்கு.

ஏப்ரல் 9

கட்டுரை பேராசிரியரிடமிருந்து திரும்பி வந்தது. பக்கமெல்லாம் சிவப்பு மை. ஒரு கமாவைக்கூட விட்டுவைக்கவில்லை, இம்சை பிடித்த மனுஷன். முதல் பத்திக்குக் கீழே மட்டும் அவர் கையால் புதிதாக ஒரு வரி: 'இலை என்று நான் முன்பு எழுதியது தவறு.'

முதல் எழுத்தில் மை ஊறிப் பரவியிருக்கிறது. பேனாவை ஊன்றிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்திருப்பார்.