கர்னல் கேட்ட ஒரு நாள்

கோகோபோ,
ஞாயிறு

அன்பு மகள் லுட்வினாவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். எரிமலைச் சாம்பல் மறுபடி கூரையில் விழுந்து மழைத்தண்ணீர்த் தொட்டி கெட்டுப்போனதால் அம்மா தண்ணீருக்கு ஆற்றுக்கு நடக்கிறாள். கான்பெரா குளிரில் உன் இருமல் எப்படி இருக்கிறது, அதை முதலில் எழுது.

உன் கடிதம் வந்தது. "அப்பா, விசாரணைக் குழு முன்னாடி வாயைத் திறக்காதீங்க, என் தூதரக வேலை அந்த மந்திரி கையிலதான் இருக்கு" என்று எழுதியிருந்தாய். இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கோபம் உன்மேல் இல்லை, அந்த மந்திரிமேல். பூகன்வில் தீவில் கிளர்ச்சிக்காரர்களோடு நடந்த சண்டையில் நம் ராணுவம் தோற்றதற்கு எங்கள் தளபதி கர்னல் வாகியின் கோழைத்தனம்தான் காரணம் என்று பத்திரிகையில் எழுதுகிறாரே, செத்துப்போன மனிதர் எழுந்து வந்தா பதில் சொல்வார்? அன்று வயர்லெஸ்ஸில் உட்கார்ந்திருந்தவன் நான். மலைக் கிராமத்துப் பெரியவர்கள் ஐந்து பேர் வந்து கர்னலோடு பாக்கு மென்றார்கள். விஷம் இருக்குமோ என்று நாங்கள் பயந்தபோதும் அவர்களுடைய சுண்ணாம்பையே வாங்கிப் போட்டுக்கொண்டார் அவர். வெள்ளிக்கிழமை தங்கள் ஆட்களின் துப்பாக்கிகளை ஒப்படைப்பதாகச் சொல்லிப் போனார்கள். அதற்குள் தலைநகரிலிருந்து மந்திரி, "சண்டை போட அனுப்புனா பாக்கு மென்னுக்கிட்டா இருக்கீங்க? வியாழக்கிழமை பாராளுமன்ற சபை கூடுது, அதுக்குள்ள மலையில நம்ம கொடி ஏறணும்" என்றார். அவர் வாய் மட்டும் விடிந்தால் அடைந்தால் பாக்குச் சிவப்புதான். கர்னல் ஒரே ஒரு நாள் கேட்டார். கொடுக்கவில்லை. மந்திரி அவரைத் தலைநகருக்கு விமானம் ஏற்றிவிட்டு, தன் பாஷைக்காரன் என்ற ஒரே தகுதியில், கிடங்கில் போர்வை கொடுத்துக்கொண்டிருந்த ஒரு கேப்டனை அனுப்பினார். புதன் காலை மலையேறினோம். கர்னல்தான் வருகிறார் என்று நினைத்து, கையில் பாக்குக் குலையோடு எதிரே இறங்கி வந்தார்கள் அந்த ஐந்து பேரும். கேப்டன் சுடச் சொன்னான். சுட்டோம், நானும்தான்.

கொடி ஏறியது, சபையில் கை தட்டினார்கள். அதன் பிறகு அந்தத் தீவில் எங்களோடு உட்கார்ந்து பாக்கு மெல்ல ஒருவரும் வரவில்லை. பாதி மனதோடு இருந்த கிராமங்களும் எதிர்ப்பக்கம் போயின, அதிலிருந்து எட்டாம் மாதம் தோற்றுப் படகேறினோம். அந்த மந்திரி சும்மா இருந்திருந்தால் சண்டை அந்த வெள்ளிக்கிழமையே முடிந்திருக்கும்.

நேற்றுக் குழு முன்னால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், நான் சுட்டதையும் சேர்த்து. உன்னைக் கேட்காமல் செய்தது தப்புதான். வேலை போனால் என்னைத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

கர்த்தர் உன்னைக் காப்பாராக. கம்பளி போடாமல் வெளியே போகாதே. அலுவலகத்தில் யாராவது, நீ எலியாப்பின் மகளா என்று கேட்டால், ஆமாம் என்று சொல்வதா வேண்டாமா என்பதை நீயே முடிவு செய்துகொள்.

உன் அப்பா,
எலியாப்